துறையில் குவிந்த உப்பு

மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலையடிக் காட்டில் உப்பைத் தவிர எல்லாம் கிடைத்தது. உப்பைக் கடற்கரையிலிருந்து சாம்பலன் என்ற கழுதை சுமந்து வருவான். அவன் ஊரில் வெறும் மணல்தான். அதனால் உப்பைக் கொடுத்துவிட்டுப் புல்லை வாங்கிப் போவான்.

தும்பை என்ற புள்ளிமான் அப்போது நிறைமாதமாக இருந்தாள். உப்பு இல்லாவிட்டால் அவளுக்குக் கால் நடுங்கும், கண் இருட்டும். ஒரு கத்தை புல்லைக் கொடுத்து ஒரு கட்டி உப்பு வாங்கி நக்கினால்தான் உயிர் வரும்.

காட்டுக்கு ராஜா குன்றன் என்ற யானை. நல்ல ராஜாதான். தூர்ந்துபோன ஏரியை வெட்ட அவர் ஆசைப்பட்டார். வெட்ட வரும் எருமைகளுக்குக் கூலியாக உப்பு வேண்டும். குடிகளிடம் கேட்க மனம் வரவில்லை.

“அந்த வெளியூர்க் கழுதையிடம் சுங்கம் வாங்குவோம். நம் பிள்ளைகள்மேல் ஒரு துரும்புகூட விழக் கூடாது” என்றார்.

காடே ஆரவாரம் செய்தது. தும்பையும்தான். ஆற்றுத் துறையில் கரடி காவலுக்கு நின்றான். வருகிற சுமையில் பாதியை இறக்கிக் கரையோரம் குவித்தான்.

அடுத்த முறை வந்த சாம்பலன் அரைக் கட்டி உப்பைத்தான் நீட்டினான்.

“என்னண்ணே, பாதிதான் இருக்கு?”

“மீதியைத் துறையில எடுத்துக்கிட்டாங்க, தாயி.”

“அது உங்களுக்குப் போட்ட சுங்கம்தானே?”

“எனக்குப் போட்டதுதான். ஆனா என் வயித்துக்கு வேண்டிய புல்லு குறையலியே. நானும் பட்டினியாத் திரும்ப முடியுமா?” சாம்பலனுக்கே மனசு கேட்கவில்லை. மூட்டையைத் தடவி இன்னொரு துண்டு எடுத்து வைத்தான். “இது என் பங்குக்கு. இதுக்கு மேல என்னால தாங்க முடியாதும்மா.”

அதுவும் போதவில்லை. கனத்த வயிற்றோடு தும்பை சரிவெல்லாம் ஏறி இறங்கி இன்னும் புல் சேர்த்தாள். ஒருநாள் முன்னங்கால் மடங்கி விழுந்தே விட்டாள். எழுந்து நேராக ராஜாவிடம் போனாள்.

“கழுதைக்குப் போட்ட சுங்கத்தை நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன், ராஜா.”

குன்றன் திடுக்கிட்டார். “உன்கிட்ட நான் எதுவும் கேட்கலையேம்மா!”

“நீங்க துறையில கேட்டீங்க. அது என் வாசல்ல வந்து நிக்குது.”

ராஜாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் சாம்பலன்மேல் திரும்பியது. “என் பிள்ளைகளையா ஏய்க்கிறான்? இனி முழுச் சுமையையும் இறக்கு!” என்று கரடிக்குக் கட்டளையிட்டார்.

அடுத்த முறை வந்தபோது அதைக் கேட்டதும் சாம்பலன் துறையில் கால் வைக்கவில்லை. சுமையோடு அப்படியே திரும்பி நடந்தான். பிறகு வரவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரையில் குவிந்து கிடந்த உப்பு, எருமைகள் வருவதற்குள் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்த மழையில்தான் தும்பை குட்டி போட்டாள். மடியில் பால் சுரக்கவில்லை. குட்டி முட்டி முட்டிக் கத்தியது. அவள் தள்ளாடித் துறைக்குப் போய், அந்தச் சேற்றை நக்கினாள்.

“ராஜாவோட உப்பு அது! போ!” என்று கரடி பாய்ந்தான்.

சத்தம் கேட்டுக் குன்றன் வந்தார். சேறு அப்பிய அவள் வாயைப் பார்த்தார். விலா எலும்புகளைப் பார்த்தார்.

“விடு கரடி. அது அவ கட்டின உப்பு.”

அன்றே சுங்கத்தை எடுத்துவிட்டார். ஆனால் அந்தச் சேதியைக் கேட்கத் துறையில் யாரும் இல்லை. சாம்பலன் வேறு காட்டுக்கு வழி பார்த்துக்கொண்டான்.

அன்று முதல்தான் மான்கள் உவர்மண்ணைத் தேடிப் போய் நக்குகின்றன. இப்போது அங்கே யாரும் சுங்கம் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு வாய் நக்கியதும் தலையைத் தூக்கி, காதை விறைத்து, நாலா பக்கமும் பார்த்த பிறகுதான் மறு வாய்க்குக் குனிகின்றன.