நெட் போனால் என்ன ஆகும்?

தவமணி ஒரு காலத்தில் குழந்தைவேலுவின் கம்பெனியில் வேலை பார்த்தவர். நூல் மில்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. எழுதி முடித்த மென்பொருளில் எங்கே தப்பு என்று தேடிப் பிடிப்பது அவர் வேலை. பன்னிரண்டு வருடம் பிடித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு ஆனைகட்டியில் ஒரு தியானக் கூடம் தொடங்கினார்.

முதலாளி அங்கே வந்து சீடரானார்.

குருவுக்கு நாற்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. அவர் குருவை "அம்மா" என்பார். குரு அவரை இன்னும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். பழக்கம் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குழந்தைவேலு வந்தபோது, குரு சமையலறையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"சாப்டீங்களா சார்?"

"இல்லைங்கம்மா."

ஒரு தட்டில் உப்புமா வந்தது. "மூணு வாய் சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

அவர் எண்ணி மூன்று வாய் சாப்பிட்டார்.

"இத்தனை வருசமா மென்பொருளை மில்லுல இருக்கற கம்ப்யூட்டர்லயே போட்டுக் குடுத்தோம். இனிமே எல்லாம் கிளவுட். எங்க கம்ப்யூட்டர்ல ஓடும். மில்காரங்க நெட் வழியா மாச வாடகைக்கு எடுத்துக்கணும். செவ்வாய்க்கிழமை அறிவிச்சோம். மொதல்ல கொஞ்சம் லாபம் குறையும், அப்புறம் ஏறும்னு சொன்னேன்."

"சரி."

"பங்கு விலை அஞ்சுல ஒரு பாகம் விழுந்துருச்சு. திங்கட்கிழமை முதலீட்டாளர் கூட்டம். என்ன சொன்னா அவங்க என்னை நம்புவாங்க?"

குரு ஒரு காயின் நாரை உரித்தார்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நானூறு மெயில் வந்திருக்கு. உதவியாளர் சுருக்கிக் குடுத்தாங்க. முக்காவாசிப் பேர் எதிர்ப்பு."

"நீங்க படிச்சீங்களா?"

குழந்தைவேலு உப்புமாவைக் கிளறினார்.

"ஒண்ணு படிங்க சார். கேக்கறேன்."

அவர் செல்போனை எடுத்து, கைக்கு வந்த ஒன்றைப் படித்தார். "ஐயா, என் பெயர் கமலவேணி. கரூர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் கம்பெனியில் இருநூறு பங்கு வைத்திருக்கிறேன். உங்கள் அறிக்கையை மூன்று தடவை படித்தேன். ஒரு சந்தேகம். போனில் கேட்கலாமா?"

கீழே நம்பர் இருந்தது.

"கூப்பிடுங்க" என்றார் குரு.

"இப்பவா?"

குரு அடுத்த காயை எடுத்தார். குழந்தைவேலு நம்பரை அழுத்தினார்.

"யாருங்க? அந்தக் கம்பெனி ஐயாவா? நெசமாவா?" என்றது ஒரு குரல். "தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க தெருவுல காத்தடிச்சா நெட் போயிருது. மில்லுல அப்படிப் போச்சுன்னா உங்க மென்பொருள் என்ன ஆகும்? மிசின் எல்லாம் நின்னுருமா?"

குழந்தைவேலு குருவைப் பார்த்தார். குரு காயை அரிந்துகொண்டிருந்தார்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. அதுக்கு... திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் பதில் சொல்றேங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க. குக்கர் கத்துது, வெச்சுடறேன்."

குழந்தைவேலு செல்போனைக் கீழே வைத்தார்.

"எங்க கம்பெனிப் பசங்க பிப்ரவரியிலயே இதைச் சொன்னாங்க, அம்மா. நெட் இல்லாமலும் ஓடற மாதிரி செய்யணும், அதுக்கு டைம் வேணும்னாங்க. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன். வேற கம்பெனி முந்திக்குமோன்னு பயம்."

குரு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "மிச்சத்தையும் சாப்பிடுங்க. ஆறிப்போச்சு."

திங்கட்கிழமை குழந்தைவேலு எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பையில் போட்டுவிட்டார். கிளவுடுக்கு மாறுவது உறுதி என்றார். ஆனால் நெட் போனாலும் மில் நிற்காது என்று சோதித்துப் பார்க்காமல் ஒரு மில்லைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். அதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகும். இதை அறிவிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு என்றார்.

ஒருவரும் கை தட்டவில்லை. பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் பாதியில் எழுந்து போனார்கள். மறுநாள் விலை இன்னும் இறங்கியது.

வியாழக்கிழமை அவர் மறுபடி ஆனைகட்டிக்கு வந்தார். குரு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன், அம்மா."

"கேள்விப்பட்டேன். சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன்." ஒரு பாயை எடுத்து விரித்து உட்கார்ந்தார். "அந்தக் கமலவேணி அம்மாவைக் கூப்பிட்டேன். பதில் போதுமான்னு கேட்டேன். நல்லா புரிஞ்சுதுங்கன்னாங்க. அப்புறம், இருநூறு பங்கையும் கூட்டத்துக்கு மறுநாளே வித்துட்டேன்னாங்க."

"ஏனாம்?"

"ரெண்டு மாசத்துல கண் ஆபரேசனாம், அதுக்குப் பணம் வேணுமாம். நீங்க ஆறு மாசம் ஆகும்னு சொல்லிட்டீங்க, அதுவரைக்கும் விலை ஏறாதுங்கன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய ஆளுங்க போனதுகூட எனக்கு வருத்தமில்லை. அந்த அம்மாகூட என்னை நம்பலையே."

குரு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நம்பினதாலதானே சார் வித்தாங்க."