மேலாளரின் கட்டைவிரல்

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்று சதா மார்தட்டுவார் மேலாளர் ஏகாம்பரம். புது புரோகிராமின் அறிமுக விழாவில், வாடிக்கையாளர்கள் பார்க்க, தன் பெயரை அடித்தார். ‘இப்படி யாரும் இல்லை’ என்றது திரை.

“யார் எழுதின புரோகிராம் இது?”

பயிற்சிக்கு வந்திருந்த செந்தாமரை எழுந்தாள். “நான்தான் சார். நீங்க பேருக்குப் பின்னால கட்டைவிரலால வெறும் ஸ்பேஸும் சேர்த்து அடிச்சிருக்கீங்க.”

“நானா? எங்கே, அதைக் கண்ணால காட்டு! இல்லேன்னா இன்னிக்கே நடையைக் கட்டு.”

“நீங்களே காட்டுங்க சார். பேக்ஸ்பேஸைத் தட்டுங்க, உங்க பேர்ல ஒரு எழுத்து போகட்டும்.”

தட்டினார். பெயர் அப்படியே நின்றது. மறுபடியும் தட்டினார். அப்போதும் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அரங்கமே சிரித்தது.

பெயரின் முன்னும் பின்னும் ஒட்டும் ஸ்பேஸை நீக்க, செந்தாமரை புரோகிராமில் ஒரே வரி சேர்த்தாள்.

“இனி உங்க கட்டைவிரல் என்ன பண்ணினாலும், உங்க பேரை என் புரோகிராம் காப்பாத்திடும் சார்.”