தளவாய் பெயர் பொறித்த வாணம்

முன்னொரு காலத்தில், வாணம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். இரும்புக் குழாயில் வெடிமருந்து திணித்து, மூங்கில் வால் கட்டி ஆற்றங்கரையில் பற்றவைத்தால், அவருடைய போர் வாணம் சீறிக்கொண்டு போகும். அக்கரையில் இருப்பது மகளைக் கொடுத்த சம்பந்தி நாடு. ஆனாலும் சம்பந்திக்கு இந்த வித்தை தெரிந்துவிட்டால் என்ன ஆவது என்று ராஜாவுக்குத் தூக்கமே வரவில்லை.

"வாணமோ, அதைச் செய்ய உதவும் பொருளோ எல்லை தாண்டக் கூடாது. தாண்டவிட்டவர் தலை போகும்!" என்று ஆணையிட்டார்.

வாணப்படைத் தளவாய் சேந்தனுக்கு விகடகவி மயிலேறியைக் கண்டாலே ஆகாது. தான் ஜெயித்த சண்டையைவிட அவன் அடிக்கும் கிண்டலுக்குத்தானே ராஜா அதிகம் மகிழ்கிறார்! "ஓடத்துறைக் காவலுக்கு மயிலேறியைவிடப் பொருத்தமானவர் யார், மகாராஜா?" என்று தேனொழுகப் பேசி மாட்டிவிட்டார்.

மயிலேறி கழுத்தைத் தடவிக்கொண்டான். "தாண்டவிட்டவர் யாராக இருந்தாலும் தலை போகுமா, மகாராஜா?"

"யாராக இருந்தாலும்!"

மறுநாள் முதல் துறை அல்லோலகல்லோலப்பட்டது. வாணத்துக்கு வால் மூங்கில், ஆகவே மூங்கில் கூடைக்குத் தடை. மருந்தில் கரி உண்டு, அடுப்புக்கரிக்கும் தடை. கந்தகம் கலந்த சிரங்குக் களிம்பைக்கூட அவன் விடவில்லை.

"கூடைய வச்சு எவன்யா வாணம் விடுவான்?" என்று கூடைக்காரி ஒருத்தி கத்தினாள்.

"எனக்கும் தெரியல தாயி. என் தலை எனக்கு வேணுமே!"

இளவரசியின் வளைகாப்புச் சீர் வந்தது. தட்டெல்லாம் மூங்கில். முறுக்கையும் அதிரசத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போகச் சொன்னான். ராஜா கொதித்துப்போனார்.

அந்தச் சமயம் பார்த்து அக்கரையில் ஒரு வாணம் சீறிக் கிளம்பியது. சேந்தன் சபைக்கு ஓடோடி வந்தார்.

"வித்தை அக்கரைக்குப் போய்விட்டது, மகாராஜா! காவல் காத்தவர் தலையை எடுக்க உத்தரவிடுங்கள்."

ராஜாவின் முகம் இருண்டது. "மயிலேறி, என்ன சொல்கிறாய்?"

மயிலேறி ஒரு மூட்டையோடுதான் சபைக்கு வந்திருந்தான். அதை அவிழ்த்து ஒரு வாணத்தை எடுத்து வைத்தான். "அக்கரையில் செய்தது, மகாராஜா. ஓடக்காரன் ஒருவன் நம்மிடமே விற்க வந்தான். உள்ளே வரத் தடையில்லையே என்று வாங்கிவிட்டேன். குழாயில் பொறித்திருப்பதைப் படியுங்கள்."

ராஜா உரக்கப் படித்தார்: "தளவாய் சேந்தன் வாழ்க."

சபை முழுதும் சேந்தனைத் திரும்பிப் பார்த்தது. மயிலேறி தொடர்ந்தான்.

"தளவாய் தம் வாணம் ஒவ்வொன்றிலும் தம் பெயரைப் பொறிப்பார். பயிற்சி என்று ஆற்றைப் பார்த்தே விடுவார். வெடிக்காமல் அக்கரை வயலில் விழுந்ததை, எழுதப் படிக்கத் தெரியாத கொல்லன் ஒருவன் பிரித்துப் பார்த்து அப்படியே செய்துவிட்டானாம், ஓடக்காரன் சொன்னான். இந்த எழுத்து இல்லாவிட்டால் பறக்காதோ என்று பயந்து அதையும் விடவில்லை, பாவம்! நான் துறையில் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தளவாய் என் தலைக்கு மேலேயே சரக்கை அனுப்பிவிட்டார்."

இப்போது கழுத்தைத் தடவிக்கொண்டவர் சேந்தன்.

"அவர் தலை வேண்டாம், மகாராஜா," என்றான் மயிலேறி. "இனிமேல் பயிற்சியை ஊர்ப்பக்கம் திரும்பி நடத்தட்டும். வாணம் வந்து விழத் தளவாய் வீட்டுக் கொல்லை நல்ல விசாலம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்து மாலையைக் கழற்றி மயிலேறி கழுத்தில் போட்டார். கூடையும் கரியும் சீர்த்தட்டும் அன்றே ஆற்றைக் கடந்தன.

அதற்குப் பிறகு அந்த ராஜ்யத்திலிருந்து ஒரு வாணமும் எல்லை தாண்டவில்லை. தளவாய்தான் வாணத்தைத் தொடவே இல்லையே!