அமைச்சர் மனைவியின் வேண்டுதல்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். விடிந்ததும் புதுச் சட்டம் ஒன்று போடாவிட்டால் அவருக்குக் காலைக் கஞ்சி இறங்காது.

அவர் அவையில் திருமலையப்பர் என்றொரு விகடர். வாய் சிரிக்கும், முதுகு வளையாது. தம் மகள் செங்கமலத்தை முரசறைவோன் வீரபாகுவுக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்திருந்தார். விலகிப்போன முதல் மனைவியிடம் வளரும் பிள்ளைக்கு வீரபாகு மாதந்தோறும் நெல் அளக்க வேண்டும். அவன் படையோடு போய்விட்டதால் அந்த மாதம் நெல் போகவில்லை.

விகடர்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் நஞ்சுண்டருக்கு அது போதும். மன்னரின் காதைக் கடித்தார். மறுநாளே சட்டம் பிறந்தது: திருமணத்துக்கு முன்பே ஒருவருக்கு இருந்த கடமையைப் புதிதாக வந்த துணை சுமக்க வேண்டும்.

"செங்கமலம் சீராகக் கொண்டுவந்த பசுவை ஓட்டிவரச் சொல்லுங்கள், அரசே" என்றார் அமைச்சர். "ஊரும் பார்க்கட்டும்."

திருமலையப்பருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாம் கொடுத்த சீரைக் காவலர் தெருவில் இழுத்துப்போவதா? பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்களே.

"சட்டம் எல்லாருக்கும்தானே, அரசே?"

"எல்லாருக்கும்தான்."

விகடர் விறுவிறுவென்று போய் நாவிதர் மாரியோடு திரும்பினார். மாரி அமைச்சரின் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, குடுமியை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தார்.

"யோவ், என்னய்யா செய்கிறாய்?"

"அமைச்சரே, சென்ற மாதம் தாங்கள் மணந்த அம்மையார், நல்ல கணவன் அமைந்தால் மொட்டை போட்டுக்கொள்வதாகக் கன்னியாக இருந்தபோதே அம்மனுக்கு வேண்டியிருக்கிறார். அரசியாரிடம் அவரே சொன்னது. கடமை பழையது; புதுத்துணை தாங்கள். நல்ல கணவன் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், மாரி போய்விடுவார்."

கத்தி காதருகே வந்ததும் அமைச்சர் அலறினார்.

"அவள் வேண்டிக்கொண்டதற்கு அவள் தலைதான். என் தலை எதற்கு?"

"அதேதான், அரசே. வீரபாகு பெற்ற பிள்ளைக்கு வீரபாகுவின் நெல்தான். அவன் சம்பள நெல் நம் களஞ்சியத்திலேயே இருக்கிறது. குழந்தை பசியோடு இருக்கக் கூடாது; இன்றே அளந்து அனுப்பச் சொல்லுங்கள். என் மகளின் பசு அவள் தொழுவத்தில் நிற்கட்டும்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அங்கேயே செத்தது. நெல் வண்டி கிளம்பியது. மன்னரின் முத்துமாலை விகடரின் கழுத்தில் விழுந்தது. அதை வாங்கும்போதும் அவர் முதுகு வளையவில்லை.

மாரி மட்டும் குடுமியை விடாமல் நின்றார்.

"சாமி, தலையை நனைச்சாச்சு. சிரைக்கவா, வேண்டாமா?"

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.