முதல் வெடி யாருக்கு?

சங்கிலி ஆசாரி செய்த புதுத் துப்பாக்கிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஊரே கூடிப் பார்க்கப் பட்டறை வாசலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சக்கரவர்த்தி முத்திரை குத்தாவிட்டால் உன் கையை வெட்டுவேன்" என்றார் தலைநகரத்திலிருந்து வந்த தளவாய்.

"என் பாளையத்தில் செய்தது. குத்தினால் உன் தலையை வெட்டுவேன்" என்றார் பாளையக்காரர்.

ஆசாரி கும்பிட்டபடி சொன்னார்: "புதுக் குழல் சில நேரம் வெடித்துச் சிதறும், சாமி. அதிகாரம் உள்ளவர் முதலில் சுட்டுப் பாருங்கள்."

தளவாய் பின்வாங்கினார். "உள்ளூர்ச் சரக்குக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"பேரரசு இருக்கும்போது நான் யார்?" என்றார் பாளையக்காரர், குதிரைக்குப் பின்னாலிருந்து.

ஆசாரியே எதிரே நின்ற பனையைக் குறிவைத்துச் சுட்டார். பனங்காய் சிதறியது, குழலில் கீறல்கூட இல்லை.

"நீங்கள் இருவரும் கைகழுவியதை ஊரே கேட்டது, சாமி. அப்போ இது என்னுடையதுதான்" என்று மறுபடி மருந்து கெட்டித்தார்.

தளவாயும் குதிரைக்குப் பின்னால் ஒதுங்கினார்.