சாபக்கல்

நெடுங்கரை மடத்தில் மாசிலாமணி ஐம்பது வயதுக்கு மேல் தீட்சை வாங்கியவர். அதற்கு முன் ஊர் ஊராகப் போய்க் கட்டடம் கட்டியவர். வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டு வந்தார், கோபத்தை மட்டும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மடம் இருந்தது கடைத்தெரு நடுவே ஒரு பழைய கட்டடத்தில். அதன் அடியில் சோழர் காலத்து நிலவறை ஒன்று உண்டு. நாயக்கர் காலத்து வணிகர்கள் அதன் மேல் மண்டபம் எழுப்பினார்கள். பிறகு ஒரு பாளையக்காரன் மண்டபத்தில் கச்சேரி வைத்து வழக்கு விசாரித்தான், நிலவறையைக் காவல்கூடமாக்கி ஆட்களை அடைத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மாடி ஏறியது, கீழே உப்பு மூட்டை இறங்கியது. வந்தவன் போனவன் எல்லாம் ஒரு சுவரை இடித்து ஒரு சுவரை வைத்திருந்தான். கேட்க நாதியில்லாத கட்டடம்.

அதைப் பழுதுபார்த்து அதன் வரலாற்றையும் எழுதும் பொறுப்பை மடத்துத் தலைவர் சட்டநாத அடிகள் மாசிலாமணியிடம் கொடுத்திருந்தார். பூனையிடம் பாலைக் காவல் வைத்த மாதிரிதான். வேலை தொடங்கிய நாள் முதல் செத்துப்போன மனிதர்களோடு அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய சண்டை ஓர் ஓட்டைக்காக. நிலவறையின் கூரை செங்கல்லால் அடுக்கி அடுக்கி உள்வாங்கிக் கூடுவது. பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும். அதன் ஓரத்தில், பின்சந்தின் தரையை ஒட்டி, ஒரு தலை நுழையும் அளவுக்கு எவனோ உடைத்திருந்தான். உப்புத் திருடன் வெளியே இருந்து உடைத்தான் என்று மாசிலாமணி பக்கம் பக்கமாக எழுதினார். காவல்கூடத்துக்கு ஒரே வரி.

எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய கல்வெட்டுகளின் கடைசியில் வருமே, அந்த முறையில் ஒரு கல்லில் சாபம் வெட்டினார். 'இதற்கு அழிவு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.' மேலே பெயருக்கு இடம் காலியாக விட்டிருந்தார்.

அன்று காலை பின்சந்தில் ஓட்டையை அடைக்கச் சுண்ணாம்பு அரைத்து வைத்தாயிற்று. கொத்தனார் வைரக்கண்ணு ஒரு கூடை மணலைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டிவிட்டார்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு? நீயும் அந்தப் பய வம்சந்தானா?"

வைரக்கண்ணு குனிந்து மணலை அள்ளினார். சத்தம் கேட்டு அடிகள் வந்தார்.

"எந்தப் பாவி சாமி இதை உடைச்சது?" என்றார் மாசிலாமணி.

"தெரிஞ்சு?"

"பேரைக் கல்லுல வெட்டணும். ஊரே காறித் துப்பணும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடைச்சிருவேன். கட்டினவன் எப்படி விட்டானோ, அப்படியே ஆக்கிருவேன்."

அடிகள் பக்கத்தில் கிடந்த சாபக்கல்லைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார்.

"உள்ள போயி நல்லாப் பாத்துட்டு வா. பந்தம் எடுத்துக்க."

உளியையும் சுத்தியலையும் இடுப்பில் செருகிக்கொண்டு மாசிலாமணி இறங்கினார். பின்னால் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. மேலே ஓட்டையில் தெரிந்த வெளிச்சமும் மறைந்தது.

"யாருடா அது? கல்லை எடு!"

பதில் இல்லை. அடைத்திருப்பது தன் சாபக்கல் என்று பந்த வெளிச்சத்தில் கண்டார். கோபத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவை உதைத்தார். வைரக்கண்ணுவைத் திட்டினார். அதற்குள் பந்தத்தின் புகை போக வழியில்லாமல் கூரையில் முட்டித் திரும்பி மூக்கில் ஏறியது. பந்தத்தை மிதித்து அணைத்தார். புகை இன்னும் கூடியது, இருட்டும் சேர்ந்துகொண்டது.

"சாமி! கதவைத் திறங்க சாமி!"

இருமல் நிற்கவில்லை. செத்துவிடுவோம் என்று நிஜமாகவே நம்பினார். "அட கிழட்டுப் பாவி!" என்று குருவையே திட்டினார். சுவர்த் திட்டில் தடவித் தடவி ஏறிக் கல்லைத் தள்ளினார். அது அசையவில்லை. உளியை எடுத்தார். கல்லுக்குப் பக்கத்தில், கை பட்ட இடத்தில் வைத்து அடித்தார். எந்தச் செங்கல், எந்தக் காலம் என்று பார்க்க நேரமில்லை. ஒன்று பெயர்ந்தது. இன்னொன்று பெயர்ந்தது. வெளிச்சம் வந்தது. அந்த இடுக்கில் வாயை வைத்து, சாக்கடை நாற்றம் அடித்த காற்றை ஆசை ஆசையாகக் குடித்தார்.

வெளியே கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அடிகள் கையில் விளக்கோடு வந்தார்.

"என்ன சாமி விளையாட்டு இது? உயிர் போயிருந்தா?" மாசிலாமணி கத்தினார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடிகள் விளக்கை உயர்த்தினார்.

கூரையில் பழைய ஓட்டையும் புது ஓட்டையும் அருகருகே இருந்தன. புதியதில் உளித் தடங்கள் உள்ளேயிருந்து வெளியே சரிந்து போயின. மாசிலாமணி தலையைத் திருப்பிப் பழையதைப் பார்த்தார். அதன் விளிம்பைத் தடவினார். மறுபடி தடவினார். கரி ஏறிக் கறுத்த அந்தத் தடங்களும் உள்ளேயிருந்து வெளியேதான் போயின.

வாசலில் வைரக்கண்ணு சுண்ணாம்புச் சட்டியோடு வந்து நின்றார்.

"அடைக்கணுமா ஐயா?"

மாசிலாமணி கரி படிந்த விரல்களைப் பார்த்தார். உளி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

அடிகள் விளக்கைக் கீழே வைத்தார்.

"கல்லு வெளிய கெடக்கு. பேரு தெரியணும்னு கேட்டியே மாசிலாமணி, போயி வெட்டு."