தலைவர் மிதித்த சைக்கிள்

சுனைக்காட்டில் செவ்வந்தி என்றொரு முயல் இருந்தது. சைக்கிளில் ஏறிவிட்டால் அதன் குஷியே தனி! காதுகள் இரண்டும் பின்னால் பறக்க, மணியைக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டு சுனைக்கரைக்குப் போகும். கேரியர் நிறையப் பசுந்தழை கட்டிக்கொண்டு குட்டிகளிடம் திரும்பிவரும்.

சுனைக்குப் போக இருந்ததே ஒரே ஒரு சாலை. அதில்தான் காட்டெருமைகளின் வண்டிகளும் தடதடவென்று ஓடும். ஒருநாள் காரி என்ற காட்டெருமையின் வண்டி உரசிய உரசலில் செவ்வந்தி சேற்றுப் பள்ளத்தில் போய் விழுந்தது. தழைக்கட்டு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், முயல் ஒரு பக்கம்!

வீட்டில் மாமியார் முயல் தலையில் அடித்துக்கொண்டது.

"போதும்டி அம்மா உன் சவாரி! இந்த வாரத்துக்குள்ள அந்த ரோடு ஒழுங்காகணும். இல்லேன்னா சைக்கிளை வளை வாசலுக்குக் கதவா வெச்சுடுவேன்!"

"குட்டிங்களுக்குத் தழை, அத்தை?"

"வாசல்ல காய்ஞ்ச புல்லு இருக்கு. மெல்லட்டும்!"

செவ்வந்திக்கு அழுகை முட்டியது. அத்தனை தூரம் தழையைத் தலைச்சுமையாகவா கொண்டுவர முடியும்?

மறுநாள் அது நேராக சுனைக்காடு சைக்கிளோட்டிகள் உரிமைச் சங்கத்துக்குப் போனது. அன்று அங்கே பெரிய கூட்டம். செயலாளர் தவளை வாசலில் நின்று எல்லோருக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது.

"வாம்மா, வா! இப்படி ஒரு சங்கத்தை எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது. எத்தனை மாநாடு! எத்தனை தீர்மானம்!"

"ரோடு என்னாச்சுங்க?"

"ரோடு அப்படியேதான் இருக்கு. ஆனா தீர்மானமெல்லாம் ஏகமனதா நிறைவேறிடுச்சு!"

"ரோட்டுக்குப் பொறுப்பு யானைப் பெரியம்மாதானே? அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"மனு மேல மனு கொடுத்தாச்சு. 'ரோட்டுல ஒரு சைக்கிளும் என் கண்ணுல படலையே, யாருக்குய்யா தனிப்பாதை?'ன்னு கேக்குறாங்க!"

அது பேசி முடிப்பதற்குள் புழுதி பறக்க ஒரு வண்டி வந்து நின்றது. சங்கத் தலைவர் தோகையப்பன் மயில் அதிலிருந்து இறங்கியது. ஓட்டிவந்தது யார்? அதே காரி!

"தலைவரே, நீங்க சைக்கிள்ல வரலையா?" என்று செவ்வந்தி வாய் பிளந்தது.

"நல்லா கேட்டே போ! சைக்கிள்ல வந்தா தோகை கசங்காதா? கசங்கின தோகை மேல பொன்னாடை போர்த்தினா எடுபடுமா?" என்று சொல்லிவிட்டு மயில் மேடையேறிப் போனது.

காரி மெல்ல செவ்வந்தியிடம் வந்தது.

"தங்கச்சி, நேத்து உன்னை உரசினது நான்தான். மன்னிச்சுக்கோ. 'சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு நேரமாச்சு, விரட்டு விரட்டு'ன்னு தலைவர் பின்னாலிருந்து என் முதுகைக் கொத்திக்கிட்டே வந்தாரு!"

செவ்வந்திக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தது. சிரித்த சிரிப்பில் ஒரு யோசனையும் பிறந்தது.

கூட்டம் முடியும் நேரம் அது எழுந்து நின்றது.

"தலைவரே! நாளைக்குக் காலையில நாம எல்லாரும் சுனை வரைக்கும் சைக்கிள்ல போவோம். நீங்க முன்னால! காத்துல உங்க தோகை அசையுற அழகைப் பார்க்கக் காடே கூடும்!"

மயிலின் கழுத்து நீண்டது. "காடேவா?"

"பக்கத்துக் காடும்!"

"பொன்னாடை?"

"சுனைக்கரையில தயாரா இருக்கும்!"

மறுநாள் காலையில் சாலையே கலகலத்தது. கீரி வந்தது. உடும்பு வந்தது. மூன்று அணில்கள் ஒரே சைக்கிளில் வந்தன. முள்ளம்பன்றியும் வந்தது. அதன் பின்னால் உட்காரத்தான் ஆளில்லை. ஆமை முந்தின நாளே கிளம்பிவிட்டது!

மயிலுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. செவ்வந்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

"விட்டுடாதே! விட்டுடாதே!" என்று மயில் அலறியது.

"விட்டு ரொம்ப நேரமாச்சு தலைவரே!" என்றது செவ்வந்தி, எங்கோ தூரத்திலிருந்து.

அவ்வளவுதான், மயிலின் சைக்கிள் இப்படியும் அப்படியும் தள்ளாடியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் வண்டிகள் "பாம்! பாம்!" என்று ஹாரன் அடித்தன. பயத்தில் மயிலின் தோகை விசுக்கென்று விரிந்தது. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டது! தாண்டிப் போக வழியில்லாமல் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசையின் கடைசியில், சுனைக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த யானைப் பெரியம்மா!

"யாருடா அது, ரோட்டை மறிச்சுப் பந்தல் போட்டது?" என்று முன்னால் வந்த யானை அப்படியே நின்றது. எங்கே பார்த்தாலும் சைக்கிள்!

"அடேங்கப்பா! இத்தனை நாளும் மனு வந்துச்சு. இன்னைக்குத்தான்யா சைக்கிள் வந்திருக்கு!"

"தலைவரே, சிறப்புரை!" என்று தவளை கிசுகிசுத்தது.

மேடை ஏறினால் பொழுது சாயும்வரை பேசுகிற மயில் அது. இன்று மூச்சு வாங்கியது. கால் பின்னியது. கண் இருட்டியது.

"பாதை... வேணும்... தாயே! இந்த ரோட்டுல... உசுரு போகுது!"

இவ்வளவுதான் பேசியது. மயிலின் வாழ்நாளிலேயே சின்னப் பேச்சு அதுதான்!

யானை தரை அதிரச் சிரித்தது. "இது பேச்சு! இது புரியுது எனக்கு!"

பிறகு சிரிப்பை நிறுத்தி, சாலையோரம் சாய்ந்து கிடந்த மரங்களைத் தும்பிக்கையால் இழுத்து, சாலையின் ஓரத்தைத் தனியாகப் பிரிக்கும் தடுப்பாக வரிசையாகப் போட ஆரம்பித்தது. வண்டிகளை நிறுத்திவிட்டுக் காட்டெருமைகளும் கைகொடுத்தன.

"எங்களுக்கும் நிம்மதி, தங்கச்சி! எந்த வளைவுல யார் மேல ஏத்திடுவோமோன்னு பயந்துக்கிட்டேதான் ஓட்டுறோம்" என்றது காரி.

உச்சி வெயிலுக்குள் சைக்கிளுக்கென்று ஒரு தனிப்பாதை சுனைவரை நீண்டுவிட்டது!

செவ்வந்தி பசுந்தழையோடு வீட்டுக்குப் பறந்தது. குட்டிகள் தழைமேல் பாய்ந்தன. மாமியாரோ நம்பவில்லை. தானே வந்து பாதையை முகர்ந்தது. மரத்தடுப்பை முட்டிப் பார்த்தது. பிறகு கேரியரில் ஏறி உட்கார்ந்தது.

"மெதுவா போடி!" என்றது.

முதல் வளைவு வருவதற்குள், "என்னடி இது, ஆமையா மிதிக்குது? விரட்டுடி!" என்றது!

பாதை கேட்டுக் குரல் கொடுப்பவர்கள் முதலில் அந்தப் பாதையில் தாங்களே இறங்கிப் போகவேண்டும். அப்போதுதான் அந்தக் குரல் கேட்கவேண்டிய காதில் விழும்.